பெரியப்பா மேலே, இராஜதுரை கீழே

செவ்ரான்,
சித்திரை, 2014.

'லாச்சப்பல் மடல்' இணையத்தளத்தின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கள் அறியவேண்டியது,

வணக்கம். நானும் குடும்பமும் கடவுள் புண்ணியத்தில் சுகம். தாங்களும் சுகமாகவே இருப்பீர்கள், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரையாவது. தங்கள் தளத்தை நான் தினமும் காலையில் தேத்தண்ணீரோடு வாசிப்பவன். அது தவிர வேறு தமிழ்த் தளம் பார்ப்பதில்லை. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எழுத்துகள் எல்லாம் எறும்பு மொய்த்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய தொந்தரவாக இருந்தது. கொஞ்ச நாளாகத் தங்கள் தளம் மட்டும் சொல் சொல்லாகப் பிரிந்து, வாசிக்க நல்ல சுகமாக இருக்கிறது. இதைப் பாராட்டி எழுதவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது எழுதுவது அதற்கல்ல. இதைக் கையால் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கணினியில் எழுதினால் இதற்குள்ளும் யாராவது கையை விடுவார்கள்.

விடயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை என் தம்பி இராஜேந்திரனின் மகள் யசோதினிக்குக் கலியாணம். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். ஆகையால் மணவறையில் இருந்து பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர்கள் நானும் என் மனைவி கோசலையும்தான். அந்தக் கலியாண அறிவித்தலைத் தாங்கள் போட்டிருக்கிறீர்கள். மிக்க நன்றி. அதில் "எங்கள் அப்பா அமரர் இராஜேந்திரன், பெரியப்பா இராஜதுரை ஆகியோரின் ஆசியுடன்" என்று ஒரு வரி வருகிறது. வரி என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அது வரியாக இல்லை. சொல்லுக்குச் சொல் ஒரு கத்தரிக்காய் வைக்கலாம்போல இடைவெளி விட்டு, "எங்கள் அப்பா அமரர் இராஜேந்திரன், பெரியப்பா" என்பதோடு மேல்வரியை முடித்துவிட்டு, "இராஜதுரை" என்பதைக் கீழே தள்ளி விட்டிருக்கிறீர்கள். பெரியப்பா என்ற பட்டம் மேலே நிற்கிறது, ஆள் கீழே விழுந்து கிடக்கிறார். தம்பி மேலே, நான் கீழே. நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் ஒரு கட்டிலை மாறி மாறிப் பாவித்து இந்தப் பாரிஸில் வாழ்ந்தவர்கள், ஐயா. அவன் பகல் வேலை, நான் இரவு வேலை. செத்த பிறகும் எங்களைப் பிரித்து வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

உடனே கோபப்படுகிறவன் நான் இல்லை. முதலில் அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்து அளந்தேன். கோசலை வந்து, "உதிலை கீறல் விழப்போகுது, அங்காலை வையுங்கோ" என்றாள். அளந்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். இடைவெளி என் பெயருக்கு மட்டும் இல்லை. எல்லாச் சொற்களுக்கும் அதே அளவு. மாப்பிள்ளை வீட்டாரின் பெயர்களுக்கும் அதேதான், மண்டபத்தின் விலாசத்துக்கும் அதேதான். வேறு ஒருவராக இருந்தால் இத்தோடு சமாதானம் ஆகியிருப்பார். நான் ஆகவில்லை. என் பெயருக்கு மட்டும் இடைவெளி விட்டால் பிடிபட்டுவிடும் என்று பயந்து ஊர் முழுக்க இடைவெளி விட்டிருக்கிறார்கள். மின்சாரக் கொம்பனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அது பழையபடி நெருக்கமாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சுப் பத்திரிகையும் அப்படியே. உங்கள் தளத்தில் மட்டும்தான் இந்த விளையாட்டு.

அடுத்த நாள் ரயில் ஏறி எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வந்து, ரூ பெர்தொனே தெருவில் கடை வைத்திருக்கும் கஜனிடம் போனேன். கஜன் கொப்பி அடித்துக் கொடுப்பவர், கணினி வாடகைக்கு விடுபவர், என்னை நெடுநாளாகத் தெரிந்தவர். அங்கே அதே பக்கத்தைத் திறந்தால், என்ன சொல்ல, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது! சொற்கள் பக்கத்தில் பக்கத்தில். இராஜேந்திரன், பெரியப்பா இராஜதுரை, ஒரே வரி. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். கஜன் அதைத் தாளில் அடித்தும் தந்தார். அதிலும் ஒரே வரி. சரி, திருத்திவிட்டார்கள், ஆசிரியர் நல்ல மனிதர் என்று நினைத்து, கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்து திறந்தால், இராஜதுரை பழையபடி கீழே கிடக்கிறார்.

ஆக, நான் ரயிலில் இருக்கும் நேரம் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். இதை உறுதிப்படுத்த இன்னொரு நாள் வீட்டில் இருந்தபடியே கஜனுக்கு ரெலிபோன் எடுத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்போம் என்றேன்.

"அண்ணை, இஞ்சை உங்கடை பெயர் தம்பியின்ரை பெயருக்குப் பக்கத்திலைதான் நிக்குது."

"கஜன், வடிவாப் பாரும். கீழை விழேல்லையோ?"

"இல்லை அண்ணை. ஒரே வரி. உங்கடை கொம்பியூட்டரிலைதான் ஏதோ பிழை."

"என்ரை கொம்பியூட்டரிலை ஒரு பிழையும் இல்லை. என்ரை பெயரிலைதான் ஆருக்கோ பிழை."

ரெலிபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்தக் கலியாணத்துக்கு அழைப்பிதழ் அடித்துக் கொடுத்ததே கஜன்தான். கூறைச்சேலைக் கடைக்காரர் கஜனுக்கு மைத்துனர். மாலை கட்டுகிறவர் கஜனின் கடைக்கு மேல்மாடி. அவர் உண்மை சொல்வார் என்று நான் எப்படி நம்புவது? அன்றிலிருந்து கஜனையும் சந்தேகத்தில் வைத்திருக்கிறேன். கொப்பி மட்டும் அங்கேதான் அடிக்கிறேன், அவரிடம் மை நல்லது.

பிறகு தங்கள் காரியாலயத்துக்கே வந்தேன். தாங்கள் இல்லை. இருந்திருந்தும் இல்லை என்று சொல்லச் சொன்னீர்களோ தெரியாது. லியோனல் என்ற பாண்டிச்சேரித் தம்பி இருந்தார். தளத்தைப் பராமரிப்பவர் தாம்தான் என்றார். மரியாதையான பிள்ளை, என்னை இருக்கவைத்துக் கோப்பி தந்தார். எனக்கு அந்தக் கோப்பியிலேயே சந்தேகம் வந்தது. விடயத்தைச் சொன்னேன்.

"மிசியே, ஒரு பக்கத்துக்கு எழுத்து தனிங்க, அலங்காரம் தனிங்க. அலங்காரத்துக்கு ஸ்டைல் ஷீட்னு ஒரு தாளு இருக்கு. எழுத்து எவ்வளவு பெருசு, என்ன கலரு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் எவ்வளவு தூரம், எல்லாமே அதுலதான் எழுதுவோம்."

பாருங்கள் ஆசிரியரே, எழுதியதை எழுதிய இடத்திலேயே வைத்தால் என்ன? வேறொரு தாளில், வாசிக்கிறவர் கண்ணில் படாமல், தூரம் எவ்வளவு என்று எழுதி வைப்பானேன்? அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். உடனே காட்டினார். மறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திராது.

"இதோ பாருங்க, வேர்ட் ஸ்பேசிங், நோர்மால். நாங்க இதைத் தொடவே இல்லீங்க."

"தொடாத சாமானுக்கு ஏன் அங்கை ஒரு இடம் வைச்சிருக்கிறியள்?"

லியோனல் சிரித்துவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று ஒரு வேலை செய்து காட்டினார். நோர்மால் என்பதை அழித்து ஒரு எண் போட்டார், சொற்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பிடிக்காத சொந்தக்காரர்மாதிரி விலகி நின்றன. மைனஸ் போட்டு ஒரு எண் போட்டார், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சனிக்கிழமை லாச்சப்பல் நடைபாதைபோல நெரிசல் ஆகிவிட்டது. மேலே ஓர் இடத்தில் எழுதினால் போதுமாம், கீழே உள்ளதற்கெல்லாம் தானாக இறங்குமாம். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் வீட்டுத் திரையில் நான் பார்த்தது அச்சொட்டாக அதுதான், அந்த முதலாவது கோலம்!

"அப்ப செய்ய முடியும்!"

"முடியும்ங்க மிசியே. ஆனா நாங்க செய்யலைங்க."

செய்தவன் எவனாவது செய்தேன் என்று சொல்லியிருக்கிறானா? இருந்தாலும் லியோனலின் முகத்தைப் பார்க்கும்போது இது அவர் தலையில் உதித்த யோசனை இல்லை என்று எனக்குப் பட்டது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் வீட்டுக்கு வரும் வழி முழுக்க யோசித்து, செவ்ரானில் இறங்குவதற்கிடையில் கண்டுபிடித்துவிட்டேன்.

மாப்பிள்ளை! பெயர் தனோஜன். ஆர்ஜொந்தெயில் இருக்கிறார். உத்தியோகம் என்ன தெரியுமா? இணையப் பக்கங்கள் செய்வது. அதாவது இந்தத் தூரம் வைக்கிற தாள் எழுதுவதே அவருடைய பிழைப்பு. காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசியபோது நான் எங்கள் முறைப்படி மாப்பிள்ளையை விசாரித்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை, விசாரிக்காமல் கொடுக்க முடியுமா? தம்பி மனைவி, "இப்ப ஆர் அண்ணை விசாரிக்கினம், பிள்ளையள் தங்களுக்குள்ளை கதைச்சு முடிச்சிட்டினம்" என்றாள். அதனால்தான் விசாரிக்கவேண்டும் என்று நான் போனேன். அவருடைய கட்டடத்துக் காவல்காரி மதாம் ஜெனவியேவிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். அந்தப் பையன் எந்த நேரமும் எல்லோருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான், கிழவிகளுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பான் என்று புகழ்ந்தார். எந்த நேரமும் கதவைப் பிடிக்கிறவன் எதற்காகப் பிடிக்கிறான்? யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கணக்கு எடுக்கிறானோ? இதை யோசித்துக்கொண்டு நான் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று, அவர் யாரோடு வருகிறார் என்று கவனித்தேன். வந்தவர் நேராகத் தொட்டிக்குப் பின்னால் வந்து, "மாமா, குளிருக்கை நிக்காதேங்கோ. மேலை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே பஸ் வருவதில்லை.

அந்த அவமானத்தை அவர் மறந்திருப்பாரா? மறக்காதவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். நிச்சயம் முடிந்த கிழமை, மாம்பழப் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கணினிக்கு முன்னால் இருந்து தங்கள் தளத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கோசலை மாம்பழம் வெட்டக் கூப்பிட்டாள், கத்தியை நான்தான் தீட்டவேண்டும். நான் கத்தி தீட்டிக்கொண்டிருக்க, என் மகள் தயாளினியும் அவரும் என் கணினியில் குனிந்து நின்று தங்களுக்குள் பிரெஞ்சில் குசுகுசுத்தார்கள். நான் வந்ததும் நிமிர்ந்துவிட்டார்கள். தயாளினி என்னிடமும் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவள் பிரெஞ்சில் நீளமாகச் சொன்னால் நான் ஓம் ஓம் என்றுவிடுவது வழக்கம், அன்றும் ஓம் ஓம் என்றேன். இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. அன்றைக்கு அவர் ஏதோ செய்திருக்கிறார். கலியாணத்துக்கு முன்பே என்னையும் என் தம்பி குடும்பத்தையும் தூர வைக்கிறார். பிறகு எவ்வளவு தூரம் வைப்பார்?

இதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அறிவித்தலில் என் பெயரை என் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில், என் வீட்டுத் திரையில் நான் பார்க்கும்படியாக வைக்காதவரை நான் மணவறையில் ஏறப்போவதில்லை. பட்டு வேட்டியை எடுத்து வைக்கவேண்டாம் என்று கோசலையிடம் சொல்லிவிட்டேன். அவள் நாலு நாளாக என்னோடு கதைப்பதில்லை, கறிக்கு உப்பும் போடுவதில்லை. யசோதினி நேற்று ரெலிபோன் எடுத்து, "பெரியப்பா, வருவியள்தானே?" என்று கேட்டாள். நான் "பார்ப்பம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் அழுவதுதான் கேட்டது. அவளுக்கு நடை பழக்கியது நான், ஐயா. அவளுடைய அப்பன் இருந்திருந்தால், "அண்ணை, உதுக்கெல்லாமோ?" என்று என் தோளில் தட்டியிருப்பான். தட்டுவதற்கு ஆள் இல்லாததால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. ஆகவே பிள்ளையின் கண்ணீருக்குக் காரணம் தங்கள் தளம்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தவும்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்கவும், தளம் இன்னும் பல்லாண்டு ஒழுங்காக நடக்கவும், 'ஒழுங்காக' என்பதைக் கவனிக்கவும், முருகப்பெருமானை வேண்டி முடிக்கிறேன். லியோனல் தம்பிக்கு என் அன்பு. கோப்பி நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் தளத்தின் நெடுநாள் வாசகனும்
அமரர் இராஜேந்திரனின் சொந்த அண்ணனுமான,
இராஜதுரை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்யவேண்டியதில்லை. கிழிக்கலாம் என்றால் இவ்வளவு பக்கத்தையும் கிழிக்க மனம் வரவில்லை, தவிரவும் கஜனிலும் லியோனலிலும் நான் போட்ட பழியை எழுத்திலேயே எடுக்கவேண்டும். நடந்தது இதுதான். உறையில் ஒட்ட முத்திரை கேட்டுத் தயாளினியிடம் போனேன். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். நான் சொல்வதற்கு முன் கோசலை, நாலு நாளும் கதைக்காததை எல்லாம் சேர்த்து அடுப்படியில் நின்றபடி சொல்லித் தீர்த்தாள். தயாளினி கேட்டுவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "பப்பா, அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னனான்தானே! நீங்கள் ஓம் ஓம் எண்டு சொன்னியள்!" என்றாள்.

நான் சந்தேகப்பட்டது சரி என்பதை முதலில் பதிவு செய்கிறேன். செய்தது தனோஜன்தான். அன்று நான் திரையில் மூக்கு முட்ட இருந்து தங்கள் தளத்தை வாசித்ததை அவர் வாசலில் நின்று பார்த்தாராம். தளம் எழுதுகிறவருக்கு ஒரு தாள் இருப்பதுபோல, வாசிக்கிறவரும் தன் கணினியில் தனக்கென்று ஒரு தாள் வைத்துக்கொள்ளலாமாம். நான் வாசிக்கிற ஒரே தமிழ்த் தளத்துக்காக அப்படி ஒன்றை எழுதி, அதில் சொல்லுக்குச் சொல் தூரத்தைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். தயாளினி அந்தத் தாளைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு வரி. பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு 'முக்கியம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதினால்தான் உங்கள் தாளை அந்தத் தாள் வெல்லுமாம். "மாமா வாசிக்கிறதுதான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டு தட்டினாராம். நான் அப்போது குசினியில் அவர் கொண்டுவந்த மாம்பழத்துக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

யசோதினிக்கு உடனே ரெலிபோன் எடுத்து, வேட்டி எடுத்து வைத்தாகிவிட்டது, சனிக்கிழமை மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று சொன்னேன். திரும்பவும் அழுதாள், இந்த முறை நானும் கொஞ்சம். கோசலை கறிக்கு உப்புப் போட்டாள், நாலு நாளுக்கும் சேர்த்து. மாப்பிள்ளையின் கதவு பிடிக்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. சனிக்கிழமை மண்டப வாசலில் நின்று கவனிப்பேன்.

தயாளினி அந்த வரியை அழித்துக் காட்டினாள். சொற்கள் எல்லாம் நெருங்கி வந்தன. கீழே கிடந்த நான் மேலே ஏறித் தம்பியின் பக்கத்தில் போய் நின்றேன். ஆனால் திரும்பவும் எறும்பு மொய்த்துவிட்டது, கண்ணாடியைப் போட்டும் வாசிக்க முடியவில்லை. தனோஜன் எழுதியதைத் திரும்பப் போட்டுவிடச் சொன்னேன். நானும் தம்பியும் நிற்கிற அந்த ஒரு வரியை மட்டும் நெருக்கமாகவே விடச் சொன்னேன். அதை நான் வாசிக்கத் தேவையில்லை.